நான்காம் நாளே கையுறை மாட்டிய பையன்

வடசென்னையிலிருந்து ஒரு தந்தை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 54 வயது. பதினான்கு வருடம் குத்துச்சண்டை ஆடியவர். அதனால் கிடைத்த விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையில்தான் இன்றும் இருக்கிறார். தாத்தா, பரம்பரைச் சண்டைகள் நடந்த காலத்தில் மேடை ஏறியவர். மகனுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ மாணவன், மாவட்டப் போட்டிகளில் இரண்டு பதக்கம் வாங்கியிருக்கிறான். ஆறு மாதமாக அவன் வேறு பாட்டுப் பாடுகிறான்: குத்துச்சண்டையின் காலம் முடிந்துவிட்டது, இனி எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைதான், அதில்தான் கோடிகள் புரள்கின்றன. அப்பாவுக்கு அது 'கூண்டுக்குள் ரவுடிகள் கட்டிப் புரள்வது'; அதை நம்பினால் ஒதுக்கீட்டு வேலையும் கிடைக்காது, எதிர்காலமும் இல்லை என்கிறார். அம்மாவோ இரண்டையும் நிறுத்து என்கிறார். அவர் பேச்சை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இரண்டில் எது ஆபத்து? எம்எம்ஏயில் பிழைப்பு உண்டா? புதிய பயிற்சிக்கூடம் நீட்டும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

இவற்றுக்கு நடுவே, மகனின் தைரியத்துக்குச் சான்றாகச் சில வரிகள்: போன டிசம்பரில் ஸ்பாரிங்கின்போது, அதாவது எதிராளியோடு மோதும் பயிற்சியின்போது, காதோரம் ஒரு குத்து வாங்கினான். கீழே விழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தான். மூன்று நாள் தலைவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான்காம் நாளே கையுறை மாட்டிக்கொண்டான். இப்போது மதிப்பெண் குறைகிறது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். அதற்கெல்லாம் செல்போன்தான் காரணம்.

கடைசி வரியில், கோணல் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சில மாதங்களாக வலது கை நடுங்குகிறதாம்.

ஐயா,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கடிதத்தைப் படித்து முடித்ததும் கூண்டும், எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யூஎஃப்சியும் என் மனதில் நிற்கவில்லை. அந்த 'நான்காம் நாள்'தான் நின்றது.

டிசம்பரில் நடந்தது

தூக்குச்சட்டியில் தயிர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறோம். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். சட்டி நெளியவில்லை, ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லை. வீட்டில் வந்து திறந்தால் தயிர் உடைந்திருக்கிறது. உங்கள் மகனுக்கு நடந்தது ஏறத்தாழ இதுதான். மருத்துவத்தில் இதை மூளை அதிர்வு என்கிறோம். இதற்கு மயங்கி விழ வேண்டும் என்பதில்லை. பெரும்பாலோர் விழுவதே இல்லை. குத்துக்குப் பிறகு வாந்தி, விடாத தலைவலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், கேட்டதையே திரும்பக் கேட்பது, இவை போதும்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டியில் ஓட்டை இருக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்பதைத்தான் சிடி ஸ்கேன் பார்க்கும். அது மிகவும் தேவையான சோதனை, எடுத்தது நல்லது. ஆனால் தயிர் உடைந்ததை அது காட்டாது. 'ஸ்கேன் நார்மல், அதனால் பையன் நார்மல்' என்று எத்தனையோ வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

செய்திருக்க வேண்டியது என்ன? முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. பிறகு நடை, மெதுவான ஓட்டம், நிழற்குத்து (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பை குத்துவது என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. தலைவலி திரும்ப வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். எதிராளியோடு மோதும் பயிற்சிக்கு மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே போக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே மூளை தேறி வர இன்னும் நாள் பிடிக்கும். நீங்கள் ஆடிய அமெச்சூர் குத்துச்சண்டையிலேயே, தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனவரைக் குறைந்தது 30 நாள் மேடை ஏற்றாத விதி உண்டு. அது உங்களுக்கே தெரிந்திருக்கும். போட்டியில் கடைப்பிடிக்கும் அந்த விதியைப் பயிற்சிக்கூடத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முதல் அதிர்வு ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால், அபூர்வமாகத்தான் என்றாலும், இளம் வயதினருக்கு மூளை சட்டென்று வீங்கி உயிரே போய்விடும். உங்கள் மகன் அந்த நான்காம் நாளைத் தப்பித்துக் கடந்திருக்கிறான். அதைத் தைரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிர்ஷ்டம் என்று அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் குறைவுக்கும் எரிச்சலுக்கும் செல்போனே காரணமாக இருக்கலாம். பதினேழு வயதும் காரணமாக இருக்கலாம். ஆனால் டிசம்பருக்கு முன் எப்படி இருந்தான் என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள். தேதி வாரியாகச் சொல்வார். நரம்பியல் மருத்துவரோ விளையாட்டு மருத்துவரோ ஒருவர் அவனை நேரில் பார்க்கும்வரை தலையில் அடி விழும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். இதில் மட்டும் பேரம் கிடையாது.

எது ஆபத்து அதிகம்?

குத்துச்சண்டை கௌரவமானது, எம்எம்ஏ காட்டுமிராண்டித்தனமானது என்ற உங்கள் எண்ணம் புதிதல்ல. 1993ல் டென்வரில் முதல் யூஎஃப்சி நடந்தபோது எடைப் பிரிவும் கிடையாது, விதிகளும் மிகக் குறைவு. அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் அதை 'மனிதச் சேவல் சண்டை' என்றார். மெக்கெய்ன் ஒரு தீவிரக் குத்துச்சண்டை ரசிகர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. 2000 வாக்கில் ஒருங்கிணைந்த விதிகள் வந்தன: எடைப் பிரிவு, சுற்று, நடுவரின் அதிகாரம், பின்மண்டையில் அடிக்கத் தடை. கடைசிவரை அனுமதி மறுத்த நியூயார்க் மாநிலமும் 2016ல் வழிவிட்டது.

காயக் கணக்கு என்ன சொல்கிறது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள், பத்து வருடச் சண்டைகளுக்குப் பிந்தைய பரிசோதனைப் பதிவுகளைப் பார்த்து 2015ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எம்எம்ஏ வீரர்களில் 59 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு காயம். குத்துச்சண்டை வீரர்களில் 50 சதவீதம். ஆனால் நினைவிழந்தவர்கள் எம்எம்ஏயில் 4 சதவீதம், குத்துச்சண்டையில் 7 சதவீதம். கண் பாதிப்பும் குத்துச்சண்டையிலேயே அதிகம். சுருக்கமாகச் சொன்னால், கூண்டில் தோலும் மூட்டும் அதிகம் அடிவாங்குகின்றன, மேடையில் தலை.

காரணம் உங்களுக்கே புரியும். குத்துச்சண்டையில் இடுப்புக்கு மேலேதான் இலக்கு, அதிலும் தலைதான் முதன்மை. பெரிய கையுறை காப்பது அடிப்பவரின் கை விரல்களை. அதனால் அவர் எதிராளியின் தலையில் இன்னும் அதிகமாக அடிக்க முடிகிறது. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், தயிர் உடைவதைத் தடுக்காது. விழுந்தவர் நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்து மறுபடி அடி வாங்கலாம். எம்எம்ஏயில் பிடியில் மாட்டியவர் எதிராளியின் உடம்பைத் தட்டினால் போதும், சண்டை முடிந்தது. அதில் அவமானம் ஏதுமில்லை. குத்துச்சண்டையில் தோல்வியை ஒப்புக்கொள்ள அப்படி ஒரு கௌரவமான வழி இல்லை என்பது என் பழைய வருத்தம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் மகன் 'பார்த்தீர்களா அப்பா' என்று குதிக்கக் கூடாது. எம்எம்ஏ கையுறை நான்கு அவுன்ஸ்தான். விழுந்த ஆளின் மேல் ஏறி, நடுவர் தடுக்கும்வரை குத்தலாம். 2006 முதல் 2012 வரையிலான யூஎஃப்சி சண்டைகளை ஆராய்ந்த டொராண்டோ ஆய்வாளர்கள், ஏறத்தாழ மூன்றில் ஒரு சண்டை தலையில் விழுந்த அடிகளால் முடிந்ததாகக் கண்டார்கள். அதோடு எடைக் குறைப்பு என்ற இன்னொரு வினை இருக்கிறது. எடை பார்க்கும் நாளுக்கு முன் தண்ணீர் குடிக்காமல், வியர்வையாக வெளியேற்றி, ஐந்தாறு கிலோவை இறக்குகிறார்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் யாங் ஜியான்பிங் என்ற 21 வயதுச் சீன வீரர் இப்படித்தான், கூண்டுக்குள் கால் வைக்காமலே இறந்தார். அதற்குப் பிறகு, அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் நீர்ச்சத்துச் சோதனையைக் கட்டாயமாக்கியது. குத்துச்சண்டையிலும் இந்தப் பழக்கம் உண்டு. நீங்களும் எச்சில் துப்பி எடை இறக்கிய ஆளாகத்தான் இருப்பீர்கள்.

இரண்டு விளையாட்டுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்கிறேன். போட்டி வருடத்துக்குச் சில நாள், பயிற்சி வாரத்துக்கு ஐந்தாறு நாள். மூளை வாங்கும் அடியில் பெரும்பங்கு பயிற்சியில்தான் விழுகிறது. மகன் ஆடும் கூடத்துக்கு ஒருநாள் மாலை போய் ஓரமாக உட்காருங்கள். கையில் ஒரு தாளும் பேனாவும் போதும். ஸ்பாரிங் நடக்கும்போது அவன் தலையில் விழும் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். தடுத்ததை விட்டுவிடுங்கள், விழுந்ததை மட்டும். பதினான்கு வருடம் ஆடிய கண்ணுக்கு எது பட்டது, எது படவில்லை என்று தெரியும். வாரத்தில் எத்தனை நாள் அப்படி, எடையில் பெரியவனோடு நிறுத்துகிறார்களா, அடிபட்டவனை உட்கார வைக்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கூடத்திலும் இதையே செய்யுங்கள். எந்த விளையாட்டு என்பதைவிட, அந்தத் தாள் அதிகம் சொல்லும்.

பையன் சொல்லும் கோடிகள்

எம்எம்ஏ வளர்ந்திருப்பது உண்மைதான். 2001ல் இருபது லட்சம் டாலருக்குக் கைமாறிய யூஎஃப்சி, 2016ல் சுமார் நானூறு கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2026லிருந்து ஏழு வருட ஒளிபரப்புக்குப் பாரமவுண்ட் நிறுவனம் 770 கோடி டாலர் தருகிறது. இந்த வளர்ச்சிக்குக் குத்துச்சண்டையே பாதிக் காரணம். அங்கே உலகப் பட்டம் தர நான்கு அமைப்புகள், நான்கு பட்டங்கள், யாரை யாரோடு மோத விடுவது என்பதில் ஓயாத இழுபறி. குத்துச்சண்டையின் இரு பெரிய நட்சத்திரங்களான மேவெதரும் பாக்கியாவும் மோத வேண்டும் என்று ரசிகர்கள் ஐந்து வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். 2015ல் மோதியபோது இருவரும் உச்சத்தைத் தாண்டியிருந்தார்கள். யூஎஃப்சியில் ஒரே முதலாளி. சிறந்தவர்கள் மோதத்தான் வேண்டும். சண்டைகளும் குறுகியவை, செல்போன் திரைக்கென்றே அளவெடுத்தவை போல.

அதனால் குத்துச்சண்டை செத்துவிட்டதா? 2025 செப்டம்பரில் குத்துச்சண்டை வீரர்கள் கனெலோவும் கிராஃபோர்டும் மோதியதை நெட்ஃபிளிக்ஸில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. அந்தச் சண்டையை நடத்தியவர்களில் ஒருவர் டேனா ஒயிட், யூஎஃப்சியின் தலைவர். எம்எம்ஏயின் மிகப் பெரிய நட்சத்திரமான மெக்ரெகருக்குப் பெரும்பணம் வந்தது 2017ல் மேவெதரோடு ஆடிய குத்துச்சண்டையில்தான். மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரே முதலாளி என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. வருமானத்தில் வீரர்களுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் என்ற விவரம் அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது; அந்த வழக்கைத் தீர்க்க யூஎஃப்சி தரப்பு 37.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. குத்துச்சண்டை வீரர்களைப் பாதுகாக்க அமெரிக்காவில் 2000ல் வந்த முகமது அலி சட்டம் எம்எம்ஏ வீரர்களுக்குப் பொருந்தாது.

நம் நாட்டிலிருந்து போனவர்களைப் பாருங்கள். உத்தராகண்டின் அன்ஷுல் ஜுப்லி 2023ல் யூஎஃப்சிக்கு ஆள் எடுக்கும் 'ரோடு டு யூஎஃப்சி' போட்டியை வென்று ஒப்பந்தம் பெற்றார். 2025ல் சிட்னியில் 19 விநாடியில் தோற்றார். உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர் 2024 ஜூனில் யூஎஃப்சியில் வென்ற முதல் இந்தியர். அவர் அங்கே போனது சீனத் தற்காப்புக் கலையான வூஷுவில் தேசியப் பட்டங்கள் வென்ற பிறகு. எம்எம்ஏக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே ஒரு கலையில் ஊறியவர்கள். உங்கள் மகன் கற்ற குத்துச்சண்டை எங்கும் வீணாகாது.

வேலை விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஒதுக்கீட்டு வேலைக்குச் சான்றிதழ் எந்த விளையாட்டுக்கு, எந்தச் சங்கத்திலிருந்து என்று பார்ப்பார்கள். எம்எம்ஏ ஒலிம்பிக்கில் இல்லை. ஒரே விளையாட்டுக்குப் பல சங்கங்கள் 'தேசிய சாம்பியன்' பட்டம் கொடுக்கின்றன. கட்டணம் கட்டும் முன் எந்தச் சங்கத்துக்கு அரசு அங்கீகாரம் என்று விசாரியுங்கள். ஆனால் எம்எம்ஏக்கு எதிர்காலமே இல்லை என்பது சரியல்ல: 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். குத்துச்சண்டை மட்டும் அசையாத கோட்டை என்பதும் இல்லை. சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் கமிட்டி 2023ல் பறித்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் குத்துச்சண்டை உண்டு என்பது 2025 மார்ச்சில்தான் உறுதியானது.

கையெழுத்துக்கு முன்

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் இத்தகைய படிவங்களைப் பார்த்துப் பார்த்துச் சில விஷயங்கள் தெரியும். பதினெட்டு வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. அதனால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு ஒருவர் தரும் சம்மதத்தை ஏற்கிறது. அது காட்டும் உதாரணம் வாள் சண்டை. ஆனால் சம்மதிப்பவர் பதினெட்டு வயதைக் கடந்தவராக இருக்க வேண்டும் என்கிறது. 'என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டால் கவனக்குறைவுக்கும் விலக்கு கிடைத்துவிடும் என்று கூடம் நடத்துகிறவர்கள் நினைத்தால், அது அவர்களின் ஆசை. வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதைவிட முக்கியம், படிவத்தில் என்ன இல்லை என்று பார்ப்பது. போட்டி நடக்கும் இடத்தில் மருத்துவர் உண்டா? ஆம்புலன்ஸ் வாசலில் நிற்குமா? எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்? அவன் வயதுப் பிரிவில் தலையில் அடிக்க அனுமதி உண்டா? 2022 ஜூலையில் பெங்களூரில் ஒரு கிக்பாக்சிங் போட்டியில் அடிபட்டு 23 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அங்கே மருத்துவ ஏற்பாடே சரியாக இல்லை என்பதுதான் குடும்பத்தாரின் புகார். உங்கள் காப்பீட்டுப் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். சண்டை விளையாட்டுக் காயங்களுக்குப் பணம் தராத பாலிசிகள் பல.

என் யோசனையைக் கேட்டால் இப்படிச் செய்வேன். முதலில் மருத்துவப் பரிசோதனை. சரி என்று வந்தாலும் பொதுத்தேர்வு முடியும்வரை கடுமையான ஸ்பாரிங் இல்லை. ஓட்டம், பை, பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேட், நிழற்குத்து மட்டும். கூடவே மல்யுத்தமோ ஜூடோவோ சேரட்டும். தலையில் குத்து விழாது, ஒதுக்கீட்டுப் பட்டியலில் இடம் உண்டு, நாளை கூண்டுக்குப் போனாலும் கட்டிப் பிடிக்கும் கலை இல்லாத குத்துச்சண்டை வீரன் அங்கே இரண்டு நிமிடம் தாங்கமாட்டான். பதினெட்டு முடிந்த பிறகு முடிவு அவனுடையது. 'ரவுடிகள்' என்று சொல்லிச் சொல்லியே அவனை அந்தப் பக்கம் தள்ளிவிடாதீர்கள். அவனோடு உட்கார்ந்து ஒரு சண்டையை முழுதாகப் பாருங்கள். தரையில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள்.

இனி, உங்கள் கடைசி வரி. கை நடுக்கத்துக்குக் காரணங்கள் பல: தைராய்டு, சில மாத்திரைகள், தூக்கமின்மை, குடும்பத்தில் வழிவழியாக வருவது. பெரும்பாலானவை பயப்பட வேண்டியவை அல்ல. ஆனால் வருடக்கணக்கில் தலையில் அடி வாங்கிய குத்துச்சண்டை வீரர்களுக்குப் பிற்காலத்தில் நடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் மறதியும் வருவதை 1928லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார். மருத்துவரிடம் போகும்போது வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சொல்வீர்கள். பதினான்கு வருடம் ஆடியதைச் சொல்ல விட்டுப்போகும். அதை முதலில் சொல்லுங்கள். மகனுக்கு வாங்கும் அதே நாளில் உங்களுக்கும் ஒரு டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள். உங்களிடமும் மகனிடமும் என்ன மாறியிருக்கிறது என்று மருத்துவர் கேட்பார். நீங்களும் அவனும் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வீர்கள்.